அந்தக் கண்ணை வரைந்தது யார்?

மலையகச் சிறப்பிதழ் என்று ஓர் இதழ் வந்தால் பிரித்துப் பார்க்காமலே அதன் அட்டையில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். பச்சை மலை, அதன் மேல் கொஞ்சம் பனி, முதுகில் பிரம்புக் கூடை சுமந்த ஒரு பெண், அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கவிதைத் தொகுதியா, சிறுகதைத் தொகுதியா, கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியா, தேயிலைப் பெட்டியா என்று தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே சம்பளம், லயம், பிரசாவுரிமை என்று எரிமலையாக எழுதியிருப்போம். அட்டையில் மட்டும் லிப்டன் காலத்து விளம்பரம் இருக்கும்.

இந்தப் படத்தின் மீது எனக்குக் கோபம் வந்தது அண்மையில்தான். அதுவரைக்கும் அதை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். எனவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளிக் கூண்டில் நானே ஏறிக்கொள்கிறேன். மற்றவர்களை அதன் பிறகு அழைக்கிறேன்.

நான் ஹற்றன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன், ஆனால் சித்திரத்துக்குப் பயிற்சி பெற்றவன் அல்லன். எங்கள் பாடசாலைக்குச் சித்திர ஆசிரியர் இல்லை. கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை மாம்பழம் போலவே வரைந்துவிடுவேன் என்ற ஒரே தகுதியினால் அந்தப் பாடம் என் நேரசூசியில் வந்து விழுந்தது. பதினைந்து வருடங்களாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். அதாவது பதினைந்து வருடங்களாக மாம்பழம் வரைவிக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், பல்கலைக்கழகத்தில் சித்திரப் பட்டப்படிப்புக்குத் தெரிவானாள். தமிழ் மொழிமூலம் ஓவியத்தைச் செய்முறையாகப் பட்டப்படிப்பில் படிக்க விரும்பும் மலையகப் பிள்ளைக்கு இந்த நாட்டில் இரண்டு வாசல்கள்தாம் உண்டு. ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது மட்டக்களப்பில். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கென்றே 2005இல் ஒரு தனிப் பல்கலைக்கழகம் உருவானது உண்மை. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே மொழி மறிக்கிறது. எனவே அவள் மலையிறங்கி வெகுதூரம் போனாள். எங்கள் தோட்டத்தில் இருந்து ஓவியம் படிக்கப் போன முதல் ஆள் என்று பெரட்டுக் களத்தில் கூடப் பேசிக்கொண்டார்கள்.

வருட முடிவில் அங்கே ஒரு மதிப்பீடு உண்டு. வருடம் முழுவதும் வரைந்தவற்றில் இருந்து தானே தெரிவு செய்து ஒரு கோப்பாக அடுக்கி, போர்ட்போலியோ என்பார்கள், விரிவுரையாளர் குழுவின் முன் வைத்து, ஏன் இதை இப்படிச் செய்தேன் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். விடுமுறையில் அந்தக் கோப்பைத் தயார் செய்வதற்காக அவள் என்னிடம் வந்தாள். மஃரிபுக்குப் பிறகு என் வீட்டு முன்னறையில் பாயை விரித்து நாற்பதுக்கு மேற்பட்ட தாள்களைப் பரப்பினாள்.

பாதித் தாள்கள் டிமைத் தாள்கள். மீதி சீமெந்துப் பையின் உட்தாள், தேயிலைக் கடதாசிப் பையைப் பிரித்த தாள், பழைய கொப்பியின் நடுப்பக்கம். ஒன்றில் கொழுந்து மடுவத்துத் தராசு மட்டும். இன்னொன்றில் தாயின் வலது கை, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த பெருவிரலும் ஆட்காட்டி விரலும். லயத்து இஸ்தோப்பில் கழற்றிவிட்ட செருப்புகள், ஏழு சோடி, ஒன்று கூட மற்றதைப் போல் இல்லை. பிள்ளைக்காம்பராவில் தொங்கும் ஏணைகள். பல படங்களில் நிறம் ஒரே ஒரு நிறம்தான், மங்கிய பழுப்பு முதல் கறுப்பு வரைக்கும். "இது என்ன வர்ணம் மகள்?" என்று கேட்டேன். "தேத்தண்ணிதான் சேர். துருப்பிடிச்ச டின்னுல ஊத்தி ரெண்டு நாள் வச்சா கறுத்துப் போவுது" என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"இதெல்லாம் பழக்கத்துக்குக் கீறினது. பெரிய ஆக்கள் பார்க்கப் போறாங்க. நல்லதை வைப்போம்" என்று சொல்லி, நானே பன்னிரண்டு தெரிவு செய்தேன். சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, விடியற்காலைச் சிவனொளிபாத மலை, பூச்சாடி, கடைசியாக, போஸ்டர் வர்ணத்தில், கூடை சுமந்த பெண். அந்தப் பெண்ணின் ஒரு கண் கொஞ்சம் கோணியிருந்தது. தூரிகையை வாங்கி நானே திருத்திக் கொடுத்தேன். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தி முகத்தைக் கெடுக்கிறது என்று அதையும் அழித்துத் தோளில் மாட்டினேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சேர் சொன்னால் சரி என்றுதானே பதினைந்து வருடங்களாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மதிப்பீட்டில் குழுவில் இருந்த ஒருவர் இரண்டே கேள்விகள் கேட்டாராம். முதலாவது: "இந்தக் கூடையின் பாரம் எங்கே இறங்குகிறது?" இரண்டாவது: "இந்தக் கண்ணை வரைந்தது யார்?"

பிள்ளைக்குப் பொய் வரவில்லை. கோப்பு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தில் புதிதாகக் கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் குழுவின் மீது எனக்குக் குறை இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைப் பதினைந்து வருடங்களுக்கு முன்னரே யாராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

*

இனி மற்றவர்களை அழைக்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். சித்திரப் போட்டி என்று சுற்றுநிருபம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் படத்தை வாங்கி "கொஞ்சம் டச் பண்ணி" அனுப்புகிறோம். வலய மட்டத்தில் முதலிடம் வருகிறது. சான்றிதழில் பிள்ளையின் பெயர், கோட்டில் நம்முடைய கை. கணிதத் தாளில் ஆசிரியர் விடை எழுதினால் பரீட்சை மோசடி என்கிறோம். சித்திரத் தாளில் கண் எழுதினால் வழிகாட்டல் என்கிறோம். சிகிரியா ஓவியம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு என்று பிள்ளை தூக்கத்திலும் சொல்வான். தன் வீட்டுக் கூரைத் தகரம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவான். பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடம் என்றால், நாம் பாடமே நடத்தவில்லை.

அடுத்தது, "சித்திரம் படித்து என்ன செய்வது?" என்று கேட்பவர்கள். இதைத் தாய் தகப்பன் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், தலை குனிவேன். ஒரு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021இல்தான் நிர்ணயமானது, 2024இல் 1350 ஆனது. ஒரு நல்ல நீர்வர்ணப் பெட்டியும் நாலு தூரிகையும் வாங்கினால் எத்தனை நாள் கொழுந்து அதற்குள் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே கேள்வியை அரசாங்கச் சம்பளம் வாங்கும் நாம் கேட்பதுதான் அநியாயம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அதற்கு முந்திய தலைமுறையில் பெரும்பாலானோர் அரிச்சுவடியோடு நின்றார்கள். அப்போதும் "கொழுந்து பறிக்கப் படிப்பு எதற்கு?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி வந்து கதிரையில் உட்கார்ந்தவன், அடுத்த பிள்ளையிடம் அதையே திருப்பிக் கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவது அணியினர் கொஞ்சம் மரியாதையானவர்கள். "நம்முடைய வறுமையை ஏன் வெளியே காட்ட வேண்டும்? அழகானதைக் காட்டினால் என்ன?" என்று கேட்பார்கள். என் உள்ளேயும் இவர்தான் இருந்தார், கயிற்றை நெற்றியில் இருந்து தோளுக்கு மாற்றியவர் இவரே. அவரிடம் ஒன்று சொல்கிறேன். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாள் முதல், இந்தப் பெண்ணைப் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் தேயிலை விற்க வந்தவர்கள். வாங்குகிறவனுக்குத் தேத்தண்ணி இனிக்க வேண்டும், ஆகவே படத்தில் இருப்பவள் சிரிக்க வேண்டும். கயிறு தெரியக் கூடாது, அட்டைக்கடி தெரியக் கூடாது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தெரியக் கூடாது. இன்று பல தோட்டங்களில் பிரம்புக் கூடையே இல்லை, பைதான் பாவிக்கிறார்கள். படத்தில் மட்டும் கூடை இன்னும் இறங்கவில்லை. நாம் அழகு என்று நினைத்துப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது, அவளுடைய தாயை விற்பனைக்காக அலங்கரித்த ஒருவனின் பார்வை. தன் தாயின் நெற்றித் தழும்பைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் அதை அழி என்று சொன்னேன். இதைவிடப் பெரிய அவமரியாதை என்ன?

தாயின் கையை வரைந்தது வறுமையைக் காட்டுவதாகாது. அந்தக் கையை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இருந்ததில்லை.

சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் என்றொரு சிற்பி இருந்தார். வங்காளத்தின் பாங்குரா பக்கத்தில், நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் "சந்தால் குடும்பம்" என்ற சிற்பத்தைச் செய்தார். பிழைப்புத் தேடி வேறிடம் பெயரும் கூலிக் குடும்பம் ஒன்று. சாமான்களோடும் பிள்ளைகளோடும் நாயோடும் நடந்து போகிறது. பளிங்குக் கல்லுக்கும் வெண்கலத்துக்கும் அவரிடம் காசு இல்லை. அந்த மண்ணில் கிடந்த செம்பூரான் கற்பொடியையும் சீமெந்தையும் குழைத்து ஆளுயரத்துக்கு மேல் எழுப்பினார். இந்தியாவின் நவீன சிற்பங்களில் முன்வரிசையில் வைத்து இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். கையில் கிடைத்த பொருளைக் கொண்டு கண்ணால் கண்ட மனிதர்களைச் செய்தார். எங்கள் பிள்ளை துருப்பிடித்த டின்னில் தேத்தண்ணி ஊற்றியபோது செய்ததும் அதுதான்.

அந்தத் தேத்தண்ணி ஏன் கறுத்தது என்று பிறகு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும் என்றார். யோசித்துப் பார்த்தால் இது புதிதே இல்லை. கலம்காரித் துணிக்காரர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டுத்தான் கறுப்புக் கோடு போட்டார்கள். அரபு ஏடுகளைப் பிரதி செய்தவர்கள் விளக்குக் கரியில் ஒரு மையும், துவர்ப்புக் காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்து இன்னொரு மையும் செய்தார்கள். நம்முடைய கிதாபுகளின் பின்னால் இருக்கும் இரசவாதத்தை ஒரு லயத்துப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்து என் பாயில் பரப்பியிருக்கிறாள். நானோ போஸ்டர் வர்ணம் வாங்கி வா என்றேன்.

இதற்கு முன் எவரும் இந்த வழியில் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். ஹற்றனைச் சேர்ந்த ஹனுசா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, தேயிலையையே தன் படைப்புக்குப் பொருளாக்கியவர். கொழும்புக் காட்சிக்கூடங்களில் அறியப்பட்ட பெயர் அது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் எத்தனை பாடசாலைகளில் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தேயிலைச் சாயம் என்றால் உடனே பாராட்டு என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டால், நாளைக்கு அதுவும் ஒரு நாட்காட்டிதான். சிரிக்கும் கூடைப் பெண்ணுக்குப் பதிலாக அழும் கூடைப் பெண்ணை வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடாது. ஒரு பிள்ளைக்குச் செருப்பு முக்கியம், இன்னொரு பிள்ளைக்குக் கைத்தொலைபேசி முக்கியம், வேறொருத்திக்கு வெறும் வட்டமும் சதுரமும் முக்கியம். மலையகத்தில் பிறந்தவள் மலையகத்தைத்தான் வரைய வேண்டும் என்று குழுவில் இருப்பவர் எதிர்பார்த்தால், அதுவும் லிப்டன் செய்த வேலையே.

*

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அடிபட்டுக் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஆசிரியர்களே, பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள், வரைந்து காட்ட வேண்டுமானால் உங்கள் தாளில் வரையுங்கள். பிழையான தாளைக் கிழிக்க விடாதீர்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் திகதி போடச் சொல்லுங்கள். கோப்பில் முடிந்த படம் பத்து இருந்தால் போதும், அந்தப் பத்துக்கும் எப்படி வந்து சேர்ந்தாள் என்று காட்டும் கிறுக்கல் கொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். பார்க்கிறவர் தேடுவது அதைத்தான். ஒரே தராசை ஐந்து முறை ஐந்து விதமாக வரைந்திருந்தால் ஐந்தையும் வைக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தலைப்பு, பாவித்த பொருள், அளவு, வருடம் எழுதட்டும். தேத்தண்ணி என்றால் தேத்தண்ணி என்றே எழுதட்டும். கண்ணாடிச் சட்டத்துக்குக் காசைக் கொட்டாமல் ஒரே அளவுப் பிறிஸ்டல் போட்டில் ஒட்டினால் போதும். பெரிய படத்தை ஒளிப்படம் எடுப்பதானால் இஸ்தோப்பு நிழலில், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசப் பழக்குங்கள். மேடைத் தமிழ் வேண்டாம். "இது ஏன் இப்புடி இருக்கு?" என்று கேட்டால் தன் வாயால் இரண்டு நிமிடம் பதில் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வரையத் தெரியும். பேசினால் லயத்துப் பேச்சு என்று சிரிப்பார்களோ என்ற பயம்தான் வாயை அடைக்கிறது.

பல்கலைக்கழகத்தாரிடமும் ஒரு கோரிக்கை. எதைப் பார்த்துப் புள்ளி போடுகிறீர்கள் என்பதை வருடத் தொடக்கத்திலேயே எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். நகரத்துப் பிள்ளைக்கு அண்ணனோ அக்காவோ தனியார் வகுப்பு ஆசிரியரோ சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைக்குச் சொல்ல என்னைப் போன்ற மாம்பழ வாத்தியார்தான் இருக்கிறான். இரகசியமாக வைக்கப்படும் அளவுகோல் எப்போதும் வசதியுள்ளவன் பக்கமே சரியும்.

கடைசியாக, இந்த இதழைப் போன்ற இதழ்களை நடத்தும், எழுதும், வாசிக்கும் நண்பர்களே, உங்களோடும் என் வழக்கு இருக்கிறது. ஒரு சொல் பிசகினால் பத்துப் பக்கம் விவாதம் செய்கிறோம். ஒரு கவிதையில் பழைய உவமை வந்தால் கிழித்துத் தொங்கவிடுகிறோம். அட்டைப்படத்துக்கு மட்டும் அச்சகத்துக்காரரிடம் "ஏதாவது ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அவர் கணினியில் தேடி முதலில் வந்த கூடைப் பெண்ணைப் போடுகிறார். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம், ஹற்றன் பக்கத்தில் இருந்து இளைஞர்கள் பல்கலைக்கழகங்களில் ஓவியம் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு கோட்டோவியம் கேட்டு வாங்கி, பெயரும் போட்டு, முடிந்த சன்மானமும் கொடுக்க நமக்கு என்ன தடை? மாணவர் கோப்பு என்று இதழுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? படம் எழுத்துக்கு அலங்காரம் என்று நினைக்கும் வரைக்கும் நாமும் கண்ணைத் திருத்திக்கொண்டுதான் இருப்போம்.

அவள் மறுபடி கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்த முறை நான் பாயை விரித்துக் கொடுத்தேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், தெரிவு செய்வதில் தலையிடவில்லை. தராசு இருந்தது, செருப்புகள் இருந்தன, தாயின் கை முதலாவதாக இருந்தது. பழைய கூடைப் பெண்ணையும் கடைசியில் வைத்திருந்தாள். "இது வேணாமே மகள்" என்றேன். "இல்ல சேர், இருக்கட்டும். பின்னால எழுதியிருக்கேன்" என்றாள். திருப்பிப் பார்த்தேன். திகதிக்குக் கீழே, "வலது கண் எங்க சேர் வரைஞ்சது" என்று எழுதியிருந்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னரே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் தேறிவிட்டால் என் குற்றத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிடுவேன்.